ஒரு நாள் தூரம்

மடியில் பட்டுப்பாவாடைப் பொட்டலம், பொட்டலத்துக்குள் மஞ்சள் துணியில் முடிந்த ஒரு ஜோடிக் கம்மல், அதன்மேல் இருளப்பனின் இரண்டு கைகள், எல்லாவற்றுக்கும் கீழே எங்கேயோ கருங்கடல், முன்னிருக்கையின் முதுகில் பதித்திருந்த சின்னத் திரையில் ஒரு வெள்ளை விமானம் அந்தக் கடலின் நீலத்தில் மாட்டிக்கொண்டு நகர்வேனா என்று நிற்கிறது, சாப்பாட்டுத் தட்டு வைக்க வந்த பணிப்பெண் அந்தப் பொட்டலத்தைக் காலடியில் வைத்துக்கொள்ளலாமே என்று ஆங்கிலத்தில் சிரித்தபடி சொல்கிறாள், காலடியில வைக்கிற சாமானாம்மா இது, தாய்மாமன் சீர், என்று தமிழிலேயே முணுமுணுத்துவிட்டு, சாப்பாடு வேண்டாம் என்று தலையை ஆட்டுகிறான், அவள் தள்ளுவண்டியோடு அடுத்த வரிசைக்குப் போய்விடுகிறாள். ஊரில் இப்போது திங்கட்கிழமை காலை ஒன்பது, ராகுகாலம் கழிந்து நல்ல நேரம் தொடங்கிவிட்டது, அருப்புக்கோட்டைக்குத் தெற்கே குலதெய்வம் இருளப்பசாமி கோயிலில் அவனுடைய அக்கா பேச்சியம்மாளின் மகள் மிதுனாவுக்குக் காது குத்துகிறார்கள், மொட்டை போட்டு, சந்தனம் பூசி, மாலை போட்டு, குழந்தையைத் தாய்மாமன் மடியில் கிழக்குப் பார்த்து உட்கார வைத்தபிறகுதான் ஆசாரி ஊசியைக் கையில் எடுப்பார், அது வழக்கம், அந்தத் தாய்மாமன் மடியோ இங்கே ஆகாயத்தில் பட்டை போட்டு இறுக்கப்பட்டுக் கிடக்கிறது.

தூரத்தைப் பற்றி அவனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. டொரொண்டோவில் ஒரு லாரி கம்பெனியில் வண்டிகளை அனுப்பிவைக்கிற வேலை அவனுக்கு, எந்த ஊரிலிருந்து கிளம்பிய வண்டி எந்த ஊருக்கு எப்போது போய்ச் சேரும் என்று பனியையும் நெரிசலையும் சேர்த்துக் கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவான், அநேகமாகப் பிசகாது, ஓட்டுநர்கள் அவனைக் கேட்டுக்கொண்டுதான் வீட்டுக்குப் போன் போட்டுச் சாப்பாட்டைச் சூடு பண்ணச் சொல்வார்கள், அப்பேர்ப்பட்ட கணக்குப்புலி தன் சொந்தக் காரியத்துக்கு வைத்திருந்தது ஓர் இணையப் பக்கம், இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் அது நடுவில் ஒரு கோடு இழுத்து, இத்தனை கிலோமீட்டர், பறந்தால் இத்தனை மணி நேரம் என்று காட்டும், டொரொண்டோ மதுரை என்று கொடுத்தால் பதின்மூவாயிரத்து அறுநூற்றுச் சொச்சம், பதினேழு மணி நேரம், அந்தக் கோட்டின்மேல் எந்த விமானமும் பறப்பதில்லை, நடுவில் எங்கேயாவது இறங்கி, காத்துக் கிடந்து, மாறி ஏறித்தான் போக வேண்டும், காத்துக் கிடக்கிற நேரம் அந்தக் கணக்கில் வராது. இந்த எட்டு வருடத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்த தடவைகளில் பாதித் தடவை டிக்கெட் பக்கத்தைத் திறந்திருந்தால் அவன் உருப்பட்டிருப்பான்.

அவன் முதன்முதலாகக் கிளம்பிய அன்றைக்கு மதுரை விமான நிலைய வாசலில், கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம், அப்பா அவனுடைய பெட்டியின் கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறார், அக்கா புளிசாதப் பொட்டலத்தை அவன் தோள்பையில் திணித்துக்கொண்டே கேட்கிறாள், எவ்வளவு நேரம்டா ஆகும் போயிச் சேர, எல்லாம் சேத்து ஒரு நாள்க்கா, என்றான் அவன், அக்காவின் முகம் அப்படித் தெளிந்துவிட்டது, ஒரு நாளுதானா, நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன், ராமேஸ்வரம் போயி முழுகிட்டு வர்றதுக்கே நமக்கு ஒரு நாள் ஆகுமே, அப்ப நெனச்சா வந்துரலாம்னு சொல்லு, அவன் அதற்கும் ஆமாம் என்று தலையாட்டினான், அம்மா போனபிறகு அவனுக்குத் தலை சீவிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவள் அவள், அவளிடம் இல்லை என்று சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தபோது அவள் ஒரு விரலை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள், ஒரு நாள் என்றுதான் அதற்கு அர்த்தம்.

நினைக்கத்தான் செய்தான், வரத்தான் இல்லை. மறுவருடமே அக்காவுக்கும் லோடு வேன் வைத்திருக்கும் சங்கிலிக்கும் கல்யாணம், அவன் படிக்கப் போன படிப்பு முடியவில்லை, விசா நடுவில் நிற்கிறது, போனால் திரும்பி உள்ளே விடமாட்டான் என்று கூட இருந்தவர்கள் பயமுறுத்தினார்கள், அது பொய்யுமில்லை, ஆனால் அக்காவிடம் அவன் விசாவைச் சொல்லவில்லை, தூரத்தைச் சொன்னான், பதிமூவாயிரத்து அறுநூறு கிலோமீட்டர்க்கா, நெனச்ச ஒடனே வர முடியுமா, எண் பெரிதாக இருந்தால் குற்றம் சின்னதாகத் தெரியும் என்பது அன்றைக்கே அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. மாப்பிள்ளைக்கு மச்சினன் மோதிரம் போடுகிற சடங்குக்குப் பெரியம்மா மகன் செவத்தையா நின்றான், போட்டோவில் செவத்தையா வேட்டி கசங்காமல் சிரித்துக்கொண்டிருக்கிறான், அக்கா அவனைப் பார்க்காமல் காமிராவையே பார்க்கிறாள். அப்புறம் அப்பா, கிணற்று மேட்டில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை, அக்கா போனில் அழுகையை விழுங்கி விழுங்கிப் பேசுகிறாள், ஐஸ்பெட்டி கொண்டாந்துட்டாங்கடா, நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் வச்சிருக்கலாமாம், நீ வர்றியா, வச்சிருக்கவா, அவன் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அந்தத் தூரக் கணக்குப் பக்கத்தைத் திறந்தான், டிக்கெட்டையும் அதே கையால் எடுத்திருக்கலாம், வேணாம்க்கா, நான் வந்து சேர்றதுக்குள்ள ரொம்ப நேரம் ஆயிரும், எடுத்துருங்க, என்றான். கொள்ளியும் செவத்தையாதான் வைத்தான். அவர்கள் காத்திருக்கத் தயாராக இருந்தது ஒரு நாள், அவன் வந்து சேரத் தேவைப்பட்டதும் ஒரு நாள், அதை நினைக்கும்போதெல்லாம் இருளப்பனுக்குத் தன்னையே பிடிக்காமல் போகும், இப்போதும் போகிறது, அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை, கேட்டிருந்தால் ஒருவேளை ஆறியிருக்கும்.

மிதுனா பிறந்தபோது அக்கா சொன்ன முதல் வார்த்தையே, காது குத்துக்கு நீ வந்துரணும்டா, என்பதுதான். அவர்கள் பக்கத்தில் ஒற்றைப்படை வயதில்தான் குத்துவார்கள், ஒரு வயதில் அவனுக்கு வேலை மாற்றம், மூன்று வயதில் விசாக் காகிதங்கள் புதுப்பிக்கப் போயிருந்தன, அடுத்த தடவ வந்துர்றேன்க்கா, சரிடா அடுத்த தடவ, என்று இரண்டு பேரும் ஏதோ பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் அடுத்த பஸ்ஸைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசிக்கொண்டார்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் தோடும் ஜிமிக்கியுமாகத் திரிய, மிதுனா மட்டும் வெறுங்காதோடு பால்வாடிக்குப் போனாள், பையனா பொண்ணா என்று யாரோ கேட்டுவிட்டார்கள் என்று அழுதுகொண்டு வந்தவளுக்கு அக்கா இரண்டு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து இரண்டு காதிலும் ஒட்டி, இந்தா கம்மல், என்று சமாதானப்படுத்தி, அதைப் போட்டோ பிடித்துத் தம்பிக்கும் அனுப்பினாள், அவன் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் பதிலுக்கு அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போனான். அக்காவின் மாமியார் வாயிருக்கிறதே, அதற்குப் பூட்டு கிடையாது, பொம்பளப் பிள்ளைய இப்பிடி மூளிக்காதோட எத்தன வருசத்துக்கு வச்சிருப்ப, ஒந்தம்பி என்ன ஆகாசத்துல இருந்தா வந்து குதிக்கணும், என்று அவள் கேட்க, ஆகாசத்துல இருந்துதான் அத்தே வரணும், வருவான், அவன் வராம எம்பிள்ளைக்குக் காது குத்துறதில்ல, என்று அக்கா சொன்னாளாம், சங்கிலி மச்சான் போனில் இதைச் சொல்லிச் சிரித்தார். ஐந்து வயதாகிவிட்டது, இதை விட்டால் ஏழு, பள்ளிக்கூடத்தில் கேலி பண்ணுவார்கள், இந்தத் தடவை இருளப்பன் உண்மையாகவே டிக்கெட் போட்டான், அக்காவுக்கு அதை அனுப்பினான், அவள் அதைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து மாமியார் கண்ணில் படுகிற மாதிரி சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாள்.

அதில் என்ன போட்டிருந்தது என்று ஒருத்தராவது ஒழுங்காகப் பார்த்திருந்தால் இந்தக் கூத்து நடந்திருக்காது. சனிக்கிழமை, பூஜ்யம் மணி ஐம்பது நிமிடம், அதாவது நள்ளிரவு தாண்டி முக்கால் மணிக்கு மேல், சனிக்கிழமை ராத்திரி கிளம்புறேன்க்கா, திங்கக்கிழம விடியக்காலம் மதுர, அங்கேயிருந்து நேரா கோயிலு, என்றான் அவன், சனிக்கிழம ராத்திரி, என்று அக்கா மச்சானிடமும் மச்சான் ஊராரெல்லாரிடமும் சொல்லிவிட்டார்கள், யாருக்கும் சந்தேகமே வரவில்லை. எப்படி வரும், அந்த வீட்டில் பொழுது விடிந்தால்தான் மறுநாள், அப்பா இருந்தவரை பம்புசெட்டுக்கு மும்முனைக் கரண்ட் ராத்திரி ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும்தான் விடுவான், செவ்வாக்கிழம ராத்திரி ஒரு மணிக்குக் கரண்டு, என்று அப்பா சொன்னால் செவ்வாய்க்கிழமை சாப்பிட்டுப் படுத்து, நடுவில் எழுந்து, டார்ச் லைட்டும் மண்வெட்டியுமாகப் போவார் என்று அர்த்தம், அது புதன்கிழமை என்று அந்த வீட்டில் சொன்னால் சிரித்திருப்பார்கள், சேவல் கூவாமல் என்ன புதன்கிழமை. கம்பெனியில் எத்தனையோ லாரிகளை நள்ளிரவில் பிசகாமல் அனுப்பியவன், தனக்கென்று வந்தபோது அப்பாவின் நாளைத்தான் எண்ணினான், டிக்கெட்டில் இறங்கும் நாளையாவது பார்த்திருக்கலாம், ஊருக்கே கணக்குச் சொல்கிறவன் அடுத்தவன் போட்ட கணக்கை எதற்குப் பார்ப்பது என்ற திமிர், வெள்ளிக்கிழமையே வந்து விழுந்த அறிவிப்புகளை, இவன்கள் எப்பவும் ஒரு நாள் முன்னாடியே உயிரை வாங்குவான்கள், என்று தள்ளிவிட்டான். சனிக்கிழமை இரவு பெட்டியும் பொட்டலமுமாகப் போய் நின்றபோது கவுண்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டையும் கணினியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உங்கள் விமானம் நேற்று இரவே போய்விட்டதே, என்று மெதுவாகச் சொன்னாள், அவளுக்குப் பாவமாக இருந்தது என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

அங்கேயே தரையில் பெட்டியின் மேல் உட்கார்ந்து அக்காவைக் கூப்பிட்டான், ஊரில் ஞாயிற்றுக்கிழமை காலை, பின்னால் பந்தல்காரர்கள் கம்பு இறக்கும் சத்தம், யாரோ ஆடு எங்கே கட்டுறது என்று கேட்கும் சத்தம், ஏறிட்டியாடா, என்று அக்கா கேட்கிறாள், அவன் சொன்னான், ஆடு கத்துவது மட்டும் கேட்டது. அடுத்தது கெடச்சிருச்சுக்கா, ஆனா திங்கக்கிழம சாயங்காலந்தான் வந்து சேரும், ஒரு நாள், ஒரே ஒரு நாள் தள்ளி வைக்க முடியாதாக்கா, என்று கேட்டான், கேட்கும்போதே அவனுக்கு நாக்கு கூசியது. அஞ்சு வருசமாத் தள்ளித்தானடா வச்சிருக்கேன், என்றாள் அக்கா, கோபமாகச் சொல்லவில்லை, நூறு பேத்துக்குச் சொல்லியாச்சு, செவ்வாக்கிழம நாளு நல்லால்ல, நீ பதறாம வா, வழியில என்னத்தையாச்சும் சாப்பிடு, என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

இப்போது திரையில் விமானம் கடலைத் தாண்டிவிட்டது, அல்லது தாண்டவில்லை, கண் இழுத்துக்கொண்டு போகிறது, இது ராமேஸ்வரம் போகிற பஸ், ஜன்னலோரம் அப்பா, முழங்கால் வரைக்கும் சேறு, மண்வெட்டியைக் கால்களுக்கு நடுவில் வைத்திருக்கிறார், பணிப்பெண் வந்து அதையும் காலடியில் வைக்கச் சொல்கிறாள், காலடியிலதானம்மா இருக்கு, என்கிறார் அப்பா, அப்புறம் அவன் பக்கம் திரும்பி, எந்திரிடா, கரண்டு வந்துருச்சு, தண்ணி எங்கிட்டோ போகுது பாரு, என்கிறார், எழுந்திருக்க முடியவில்லை, மடி கனக்கிறது, பொட்டலம் மூச்சு விடுகிறது, மெதுவாகக் குனிந்து பார்க்கிறான், மொட்டைத் தலை, சந்தனம், ஆசாரி எங்கேப்பா, கூப்பிடுங்க, மடி இங்கதான் இருக்கு, பிள்ளையும் இங்கதான் இருக்கு, என்று கத்துகிறான், அப்பாவுக்குக் கேட்கவில்லை, பஸ்ஸுக்கு வெளியே அக்கா சாலையோரமாகவே நடந்து வருகிறாள், பஸ் எவ்வளவு வேகமாகப் போனாலும் கூடவே வருகிறாள், ஆனால் உள்ளே பார்க்கவில்லை, எதிரே வருகிற ரோட்டையே பார்க்கிறாள். விழித்தபோது மணியைப் பார்த்தான், ஊரில் பதினொன்று, நல்ல நேரம் முடிந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. பக்கத்து இருக்கைக்காரர் தூங்கிக்கொண்டிருந்ததால் அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டதை யாரும் பார்க்கவில்லை.

துபாயில் இறங்கி, கால் தரையில் பட்டதும் சங்கிலி மச்சானுக்குப் போன் போட்டான், முடிஞ்சிருச்சு மாப்ள, நல்லபடியா முடிஞ்சிருச்சு, என்றார் அவர், பிள்ள அழுதாளா மச்சான், அழுகாம இருப்பாளா, கோயிலே கிடுகிடுத்துருச்சு, செவத்தையா மடியிலதான, என்று கேட்டான். செவத்தையாதான் மாப்ள வேட்டிய மடிச்சுக் கட்டி ரெடியா நின்னான், பலகையப் போட்டாச்சு, ஒங்கக்கா பிள்ளையத் தூக்கி இடுப்புல வச்சுக்கிட்டு ரோட்டப் பாத்து நின்னவதான், நகரல, நேரம் போகுது நேரம் போகுதுன்னு எங்கம்மா கத்துது, ஆசாரி ஊசியத் தொடச்சுத் தொடச்சு வைக்கிறாரு, கடேசியில முடியிற நேரத்துக்கு விறுவிறுன்னு வந்து அந்தப் பலகையில தானே உக்காந்துக்கிட்டா, எம்மடியிலயே குத்துங்கன்னுட்டா, பெத்தவ மடியில வச்சுக் குத்துறது என்ன வழக்கம்னு ஆளாளுக்கு ஒண்ணு பேசுறாங்க, அவ யாரையும் ஏறெடுத்துப் பாக்கலயே, என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, நீங்க வாங்க மாப்ள, ஒண்ணும் நெனைக்காதீங்க, என்றார். மதுரை விமானத்துக்கு இன்னும் நேரம் இருந்தது, எதிரே ஒரு குடும்பம் சப்பாத்தியைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது, இருளப்பன் அந்தப் பொட்டலத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு அவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது, பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள், பாத்திரக்கடை ஆள் கரண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தான், கூட்டமெல்லாம் கறிச்சோறு தின்றுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்திருந்தது, அக்கா ஜமுக்காளத்தில் குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டு இருக்கிறாள், காதோரம் நரைத்திருக்கிறது, போனில் அது தெரிந்ததில்லை, வாடா, என்கிறாள், கறி எடுத்து வச்சிருக்கேன், மொதல்ல சாப்பிடு, எட்டு வருடத்துக்கு அவ்வளவுதான். அவன் பொட்டலத்தை நீட்டினான், அவள் ஒரு கையாலேயே பிரித்துப் பாவாடையை உதறித் தூக்கிப் பார்த்து, நல்ல கலருடா, போன வருசம்னா சரியா இருந்திருக்கும், இப்ப வளந்துட்டா, என்று மடித்து வைத்தாள், கம்மலைக் கண்ணில் ஒற்றி முந்தானையில் முடிந்துகொண்டாள். அக்கா, நான் அந்தச் சனிக்கிழமைய, என்று அவன் ஆரம்பித்தான், தெரியும்டா, நம்ம வீட்டுல யாரா இருந்தாலும் அப்பிடித்தான் நெனச்சிருப்போம், நானுந்தான் தெனமும் அந்தச் சீட்டப் பாத்தேன், எனக்குத் தோணுச்சா, என்றாள், அவள் திட்டியிருந்தால் அவன் காலில் விழுந்திருப்பான், அதற்கும் அவள் வழிவிடவில்லை. அப்பிடி ஏன்க்கா பண்ணுன, செவத்தையா மடியிலயாவது வச்சிருக்கலாம்ல, என்று கேட்டான். அவன் பாவம்டா, ஒனக்காக எத்தன வேசந்தான் கட்டுவான், என்று சிரித்தாள், சிரித்து முடித்துவிட்டு, நான் ஒண்ணு முடிவு பண்ணிட்டேன்டா, இனிமே எதுக்கும் தேதி குறிக்கையில ஒனக்குச் சொல்லப் போறதில்ல, முடிஞ்சப்புறம் சொல்றேன், போட்டோ அனுப்புறேன், ஒனக்கும் டிக்கெட்டு அது இதுன்னு பதட்டமில்ல, எனக்கும் ரோட்டப் பாத்து நிக்கிற வேலையில்ல, என்றாள், ஒரு தொந்தரவை அவனிடமிருந்து இறக்கி வைக்கிற பிரியத்தோடுதான் சொன்னாள். பதின்மூவாயிரம் கிலோமீட்டரும் அவன் தாண்டி வந்தாயிற்று, இதோ கை நீட்டினால் தொடுகிற இடத்தில் அக்கா இருக்கிறாள், இனிமேல் எந்த விமானத்தைப் பிடித்தாலும் போய்ச் சேர முடியாத இடத்தில் இருக்கிறாள் என்று அவனுக்குப் பட்டது.

அக்கா, ஒரு அண்டா கொறையுதே, என்று பாத்திரக்கடை ஆள் கூப்பிடுகிறான், இந்தா இவளக் கொஞ்சம் புடி, என்று அவள் எழுந்துகொள்வதற்காகக் குழந்தையைத் தூக்கி அவன் மடியில் போட்டுவிட்டுப் போகிறாள், மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து உதிர்கிறது, இரண்டு காதும் சிவந்து வீங்கி மஞ்சள் அப்பியிருக்கிறது, இத்தனை கனமாக இருப்பாள் என்று அவன் நினைத்திருக்கவில்லை, குழந்தை தூக்கத்தில் புரள, புண் காது அவன் சட்டைப் பொத்தானில் பட்டு முனகுகிறாள், அக்கா, எந்தப் பக்கமா வச்சுக்கணும், என்று பதறிப்போய்க் கேட்கிறான், ரெண்டு பக்கமும் வலிக்கத்தான்டா செய்யும், நீ ஒண்ணும் பண்ண வேண்டாம், ஆடாம அசையாம உக்காந்திரு, அது போதும், என்று வேப்பமரத்துப் பக்கமிருந்து அண்டாவைத் தூக்கியபடி அக்கா சொல்கிறாள். கால் மரத்துப்போகிறது, இருளப்பன் அசையாமல் உட்கார்ந்திருக்கிறான்.